போனில் நகர்ந்த அத்தியாயங்கள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. தையல் வேலை பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம், 'கத்திரி' என்றே ஆகிவிட்டது. அளவெடுக்கும்போதே, "போன தடவைக்கு இடுப்பு நல்லாவே கூடியிருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள். அப்படியும் ஆட்கள் அவளிடம்தான் வந்தார்கள். தையல் அவ்வளவு சுத்தம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் கதைப்புத்தகம், சண்டை வந்ததும் அதில்தான். ஒரே நாவல் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் வேண்டும். ஒருநாள் பொறுமை போய், துணி வெட்டும் கத்திரியால் நாவலை நடுமுதுகோடு வெட்டி, "முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு, ஆளை விடுங்க" என்று நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார். என்ன மனிதரோ!

இதைக் கேள்விப்பட்டு, வெளியூரில் இருந்த மகள் ஒரு மின்புத்தகக் கருவி வாங்கி அனுப்பினாள். கருவி அம்மாவுக்கு, அப்பாவுக்கு அவர் போனிலேயே. கணக்கு மட்டும் இருவருக்கும் ஒன்று. அவர் போனில் முன்னே போயிருந்தால், கத்திரி தன் கருவியைத் திறந்ததும் அது 'இன்னொரு கருவியில் எட்டாம் அத்தியாயம் வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகவா?' என்று கேட்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போனீங்களா, கதை படிக்கப் போனீங்களா?" என்று போன் போட்டுத் திட்டுவாள். அவர் அதற்குப் பதிலாக இன்னோர் அத்தியாயம் முன்னே போய்விடுவார். அவர்கள் கொஞ்சிக்கொண்டது இப்படித்தான்.

பிறகு அவருக்கு நுரையீரலில் கிருமி இறங்கியது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. முகத்தில் மாஸ்க், பேசவும் வழியில்லை. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு டாக்டர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கருவியைத் திறந்தாள். வீட்டில் ஆறாம் அத்தியாயத்தில் விட்ட கப்பல் கொலைக்கதை. 'ஏழாம் அத்தியாயம், அங்கே போகவா?' என்றது.

படிக்கிறார்! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மறுநாள் கதை ஒன்பதுக்குப் போனது, அதற்கு மறுநாள் பதினொன்றுக்கு. அவளும் பின்னாலேயே படித்தாள், அவரைத் தாண்டாமல். மகள் போனில் அழுதபோது, "ஒப்பாரி வைக்காத. உங்கப்பா என்னை முந்திக்கிட்டு இருக்காரு" என்று அதட்டினாள். அந்த நாற்காலியில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

அன்று சாயங்காலம் டாக்டரே கீழே இறங்கி வந்தார். "மூச்சு ரொம்ப மோசமாயிட்டிருக்கும்மா. நினைவு வருது, போகுது. இப்ப வந்தீங்கன்னா கொஞ்ச நேரம் உள்ள விடுறேன்."

நினைவு போகிற ஆள் ஒரே நாளில் இரண்டு அத்தியாயம் தாண்டுவாரா? டாக்டர்கள் எதையும் ஊதிப் பெரிதாக்கித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "வேண்டாம் டாக்டர். என்னைப் பாத்தா அவரு கலங்கிடுவாரு. நானும் அழுதுடுவேன். நிம்மதியா படிக்கட்டும்" என்றாள். டாக்டருக்கு அது புரியவில்லை. மேலேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் இறந்துபோன செய்தி வந்தது. அவருடைய சட்டை, செருப்பு, போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வார்டு உதவியாளர் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். போகாமல் நின்றாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. முதல் நாள் போனை என் கையில குடுத்து, வாசிச்சுக் காட்டுன்னு ஜாடை காட்டுனாரு. பாதி அத்தியாயத்துலயே அவருக்கு நினைவு தப்பிடுச்சு. எனக்குத்தான் கதைய விட மனசு வரல. ஓய்வு கிடைச்சப்ப எல்லாம் நானே படிச்சுட்டேன்."

கத்திரி பையிலிருந்து போனை எடுத்தாள். "அப்புறம் அவரு கண்ணே முழிக்கலையா?"

"நேத்து சாயங்காலம் முழிச்சாரும்மா. கதை கேக்குறாருன்னு நினைச்சுப் போனை எடுத்தேன். வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. உங்களத்தான் தேடுறாருன்னு புரிஞ்சுது. 'டாக்டர் கூட்டிட்டு வரப் போயிருக்காரு, இதோ வந்துடுவாங்க'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு."

"ரொம்ப நேரம்மா."