பெட்டிக்கடை மாத்திரை

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த என் கணவருக்குக் காலில் ரத்தம் கட்டியாக உறைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஊசி போட்டார்கள்.

மிஷின் இரைச்சலில் நிற்பவர்களுக்குத் தலைவலி மாத்திரை வெற்றிலை பாக்கு மாதிரி. "ஏட்டி, மண்டை இடிக்கு. கடையில ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா" என்றார். எதிர்ப் பெட்டிக்கடையில் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் ஈறில் வடிந்த ரத்தம் நிற்கவில்லை. "வேற மருந்து எதுவும் குடுத்தீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்."

நான் பொய் சொல்லவில்லை. பெட்டிக்கடையில் விற்பதை மருந்தென்று நினைத்ததேயில்லை. அன்றும் ரெண்டு கொடுத்தேன்.

அடுத்த நாள் காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. மூளையில் ரத்தக்கசிவு. தலையணைக்கடியில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர், "இதுவும் ரத்தத்த உறைய விடாது. ஊசியோட இதையும் குடுத்தா ரத்தம் எப்படிம்மா நிக்கும்?" என்றார். முதல் ஊசி போட்டபோதே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், குடித்த கஷாயம் வரை கேட்காமலே ஒப்பிக்கிறேன். சில டாக்டர்கள் எரிச்சல்படுகிறார்கள். படட்டும். அவருக்கு வலது கை வரவேயில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன், அந்த மாத்திரையைக் கொடுத்த அதே கையால்.