பெட்ரோல் வாசம் வீசிய பாப்பாச் சட்டைகள்

எங்கள் கம்பெனி நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிறது. கீழே தையல், மேலே வீடு. பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். ஆர்டர் பிடிப்பது, ஆட்களைப் பார்ப்பது என் வீட்டுக்காரர். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் கண்டுபிடிப்பது நான்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மேல் ஆசை வந்தது. புது வண்டி என்றால்கூடப் பரவாயில்லை. அவர் காலேஜில் படித்த காலத்தில் வேறு யாரோ ஓட்டிப் போனதைப் பார்த்து ஏங்கிய வண்டிதான் வேண்டுமாம். கூட நின்று ஏங்கியவர் இன்னொருவரும் உண்டு. இவரோடு ஒரே பெஞ்சில் படித்த பாய். பட்டன், எலாஸ்டிக், நூல் வியாபாரம், அருள்புரத்தில் வீடு. என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்புக் கொட்டகையில், தேங்காய் மட்டைக்கு அடியில் அப்படி ஒரு வண்டி கிடப்பதாகக் கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் கிளம்பிப் போய்ப் பாதிக்குப் பாதி பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். அட்டைப்பெட்டி ஏற்றும் எங்கள் டெம்போவில் அது வந்து இறங்கியது. இறக்கும்போது அவர் காட்டிய கவனத்தை என் பிரசவத்தின்போதுகூட நான் பார்த்ததில்லை.

வந்த அன்றே ஒழுக ஆரம்பித்தது. வண்டிக்கு இரண்டு சிலிண்டர், அதனால் கார்பரேட்டரும் இரண்டு. எஞ்சினுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குக் கீழே பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் வேர்க்கும் என்று என் வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். பாய் அண்ணன் அடியில் ஒரு பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி வைத்தார். வைத்தியம் அத்தோடு முடிந்தது.

பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது கார்பரேட்டரை இவரும் இடதை அவரும் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஈரமாக இருந்ததால் எது ஒழுகுகிறது என்று தெரியவில்லை. அவ்வளவுதான், கட்சி பிரிந்தது. உன் பக்கம்தான் ஒழுகுகிறது என்று ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலான சிநேகிதத்தில் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே நிறுத்தினால் தூசு படியும் என்று அவர் வண்டியைப் பேக்கிங் ரூம் மூலையில் நிறுத்தியிருந்தார். ஓரிரு முறை முணுமுணுத்துவிட்டு நானும் விட்டுவிட்டேன். அந்த வாரம், வெளிநாட்டுக் கம்பெனிக்காக எங்களிடம் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். பெட்டியைப் பிரித்து, ஒரு குட்டிச் சட்டையை எடுத்து, மூக்கருகில் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். வாஷிங்கில் ஏதாவது புது கெமிக்கல் சேர்த்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டாள். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரக்கை அவள் தள்ளிவிடவில்லை, ஆனால் முழுவதையும் பிரித்துக் காற்றாட விட்டு, மறுபடி சோதித்த பிறகுதான் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டாள். மாடி முழுக்கக் கயிறு கட்டினோம். பிறந்த குழந்தை போடுகிற சட்டைகள் வரிசை வரிசையாக வெயிலில் ஆடின. தெருவில் போனவர்கள் எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள். அவரும் பாய் அண்ணனும் ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: "ஏனுங்க, ஒண்ணு ஒழுகல் நிக்கோணும், இல்லாட்டி வண்டி அண்ணன் ஊட்டுக்குப் போகோணும்."

பாய் அண்ணன் தரையைப் பார்த்தார். "எங்கூட்டுல ஏற்கெனவே கேட்டுப் பாத்துட்டனுங்க தங்கச்சி. வண்டி உள்ள வந்தா நான் வெளியன்னு சொல்லிட்டா."

ஆகவே வழக்கு என்னிடமே வந்தது. கறை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதானே என் பிழைப்பு. இரண்டு கார்பரேட்டரையும் நன்றாகத் துடைத்துக் காயவிடச் சொன்னேன். துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்பீஸைப் பொடியாக்கி, அவற்றின் மேல் பூசிவிட்டு, அப்புறம் பெட்ரோலைத் திறக்கச் சொன்னேன். மூன்று பேரும் குத்தவைத்து உட்கார்ந்து, பால் பொங்குவதற்குக் காத்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வலது பக்கம், பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணமும் மேல்பாகமும் சேரும் இடத்தில், வெள்ளைப் பொடியில் ஒரு ஈரக்கோடு இறங்கியது. பாய் அண்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். கழற்றிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒழுகாமல் அடைக்கவேண்டிய கேஸ்கட்டை என் வீட்டுக்காரர் எங்கள் அட்டைப்பெட்டியிலிருந்தே வெட்டி வைத்திருக்கிறார். அது பெட்ரோலில் ஊறி, குழம்பில் விழுந்த அப்பளம் மாதிரி இருந்தது. ஏற்றுமதித் தரமான அட்டை என்று சமாதானம் சொன்னார்.

அண்ணனின் சிரிப்பு நீடிக்கவில்லை. இடது பக்கக் கிண்ணத்தில் மிஞ்சும் பெட்ரோல் வெளியேறும் குழாயிலிருந்து சொட்டு விழத் தொடங்கியது. கார்பரேட்டருக்குள் ஒரு பித்தளை மிதவை இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரிதான். பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி வழியை அடைக்க வேண்டும். எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே களக் களக் என்றது. மிதவையே பெட்ரோல் குடித்திருந்தது. சுடுதண்ணீரில் முக்கியதும் அடியில் ஓரிடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.

"உம்பட மிதவை நீச்சலே தெரியாம முழுகிக் கெடக்குது மாப்ள," என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளே இருந்ததை வடித்துக் காயவைத்து, அண்ணன் அதன் ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மிதவை மேல் ஈயம் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. கனம் கூடினால் எப்படி மிதக்கும்? மறுபடி வழிந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதைப் பட்டை தீட்டுகிற வைரம்போல அரம் வைத்து ராவினார். இவர் கடையில் கேட்டு ஒழுங்கான கேஸ்கட் வாங்கிவந்தார். மறுபடி பொடி பூசினோம். வெகுநேரம் பார்த்தோம். பொடி பொடியாகவே இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பொடி யோசனை யாருடையது என்பது அப்போது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

அடுத்த ஞாயிறு அருள்புரம் வரை போகலாம் என்று முடிவானது. "ஏறு அம்மிணி," என்றார் என் வீட்டுக்காரர். இந்த வண்டியில் உட்காரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஆனாலும் ஏறிக்கொண்டேன். புகையோடும் சத்தத்தோடும் பல்லடம் ரோட்டில் போகும்போது, சிக்னலில் நின்ற பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டில் அவர் மனைவி டீயோடு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து முகர்ந்தார். பிறகு தன் கணவரிடம், ஒரு ரவுண்டு கூட்டிப்போகச் சொன்னார். அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. இருவரும் கிளம்பிப் போனார்கள்.

ஒரு ரவுண்டு என்று போனவர்கள் திரும்புவதாக இல்லை. என் வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். வழியில் நின்றிருக்குமோ, பெட்ரோல் போதுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உட்கார்ந்து டீயைக் குடிக்கச் சொன்னேன். குடித்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு சத்தம் கேட்டது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து பரோட்டாப் பொட்டலத்தைப் பிடித்திருந்தார். ஓட்டி வந்தது அவர் மனைவி.