இடுக்கில்லாத பலகைத் தளம்

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் புதுவீடு கட்டியபோது, பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பலகைத் தளம் போட ஆசைப்பட்டேன். ஆடு, கோழி வாய் வைக்காமல் அவித்த நெல்லைக் காயப்போடலாம். கீழே நிழலும் கிடைக்கும்.

"மழை வெயில்ல கெடக்கிற தளத்துக்குப் பனஞ்சட்டம் போடுங்க ஆத்தா. ஒரு வெரல் எடவெளி விட்டாத்தான் தண்ணி வடியும்" என்றார் ஆசாரி.

"நெல்லெல்லாம் கீழ போயிருமே" என்று ஒற்றைக் காலில் நின்று, வழுவழுப்பான மாம்பலகையை நெருக்கிப் போட வைத்தேன். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

மூன்றாம் வருஷ அறுப்புக்கு என் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்தாள். தளத்துக்கு அடியில் தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கப் போட்டாள். மேலே நான் ஈர நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பிள்ளை வீரிட்டது.

"அண்ணி, புள்ள மூஞ்சியில தண்ணி சொட்டுது" என்று அதைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டு நகர்ந்தாள்.

"ஒரு சொட்டுத் தண்ணிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று எரிந்து விழுந்தபடி அடுத்த அடி வைத்தேன். பலகை மளுக்கென்று ஒடிந்தது. தொடைவரை இறங்கித் தொங்கினேன். ஒடிந்த பலகையும் நெல்லும் வெறும் தூளிக்குள் கிடந்தன. தண்ணீர் வடிய வழியில்லாமல் பலகை அடியில் இற்றுப்போயிருந்தது.

இப்போது பனஞ்சட்டம்தான், விரல் இடைவெளியோடு. பாய் விரித்து நெல் காயப்போடுகிறேன். தளத்துக்கு அடியில் தூளி கட்ட யாரையும் விடுவதில்லை. அங்கே கோழிகள்தான் சிந்தின நெல்லைப் பொறுக்குகின்றன. நான் விரட்டுவதே இல்லை.