தங்கராஜின் கட்டைவிரல்

கோயமுத்தூர்–வெள்ளகோவில் பஸ்ஸில் யாராவது தும்மினால் போதும், கண்டக்டர் தங்கராஜ் அங்கே ஆஜர். "ஏனுங்க, கையைக் குறுக்க வெச்சுத் தும்முங்க. ஊட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவுங்க." டிக்கெட்டோடு உபதேசம் இலவசம். ஐப்பசி பிறந்தால் முகத்தில் மாஸ்க், பையில் நிலவேம்புப் பொடி, வேலை முடிந்து வந்தால் ஆவி. இத்தனையும் செய்துபோட்டு, மழைக்காலம் முழுக்க மூக்கொழுகிக்கொண்டுதான் திரிவார் மனுசன். கேட்டால், "காங்கேயத்துக் காத்து நமக்கு ஒத்துக்கறதில்லைங்க" என்று பழியை வழியிலிருக்கும் ஊர்மேல் போடுவார்.

இந்த வருசம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. தலைப்பிரசவத்துக்கு மதுக்கரை வீட்டுக்கு வந்திருந்த மகள் ரெபேக்கா, நர்ஸ். பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றைக்கென்று பார்த்து, தாத்தா தும்மித் தொலைத்தார்.

"சளி சுத்தமா நிக்கட்டுங்கப்பா. அதுவரைக்கும் உள்ரூமுக்கு வராதீங்க."

சளியோ நாலு நாள் நிற்கும், அஞ்சாம் நாள் திரும்ப வரும். பதினாறு நாளாகியும் அவர் குழந்தையைத் தொடக்கூட இல்லை. "சொந்த ஊட்டுலயே என்னை ஃபுட்போர்டுல நிக்க வெச்சுப்போட்டீங்களே!" என்று மனைவி ரூத்திடம் புலம்பினார்.

அன்று சாயங்காலம் ஜெபம். உள்ரூம் நிலைப்படிக்கு வெளியே நின்று, சங்கீதம் வாசிக்கப் பைபிளைத் திறந்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார், கட்டைவிரலை நாக்கில் வைத்தார், தாளைப் புரட்டினார்.

"அப்பா, பஸ்லயும் இப்படித்தான் டிக்கெட் கிழிக்கறீங்களா?" என்றாள் ரெபேக்கா.

"பின்னே? எச்சி தொடாட்டி டிக்கெட் எப்படிக் கண்ணு பிரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடக் கடவுளே! ஊரார் கசக்கிக் கொடுத்த நோட்டை வாங்கிய அதே விரல். டிக்கெட்டுக்கு டிக்கெட், மாஸ்க்கைப் பதனமாக இறக்கிவிட்டு, நேராக வாய்க்கு. இருபத்தேழு வருசம்!

"இந்த ரூட்டுல இருக்கற சளியை எல்லாம் நானேதான் நக்கியிருக்கறன். போதாததுக்கு, ஆளுக்கொரு டிக்கெட்டுல தடவியும் குடுத்திருக்கறன்" என்றார். ரூத் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் விரல் நனைக்க ஒரு சின்ன டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் போட்டுக் கொடுத்தாள் ரூத். பழக்க தோஷத்தில் விரல் வாய்க்குப் போகும்போதெல்லாம், டிரைவர் வேங்கடசாமி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தங்கராஜண்ணா, வெரலுங்க!" என்று சத்தம் போடுவார். பஸ்ஸே சிரிக்கும். உபதேசத்துக்கு வாய் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சளி நின்றது. இந்தத் தடவை திரும்பவில்லை. ரெபேக்கா பத்து நாள் பார்த்துவிட்டு, "வாங்கப்பா" என்றாள். குளித்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, பயந்துகொண்டே போய் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தாள். தங்கராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

குழந்தை அவர் கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்தது. பிடித்த வேகத்தில் தன் வாய்க்குக் கொண்டுபோனது.

"ஐயையோ, வேண்டாஞ்சாமி!" விரலை உருவிக்கொண்டார். "ரூத்து, நான் இன்னொருக்கா கை கழுவோணும்."

"செரி, குழந்தையைக் குடுங்க."

"குடுக்கறன், குடுக்கறன்" என்றார். கொடுக்கவே இல்லை.