துரைசாணி கற்றுத்தந்த முகம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் நடந்து போய் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் துரைசாணி காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை உப்பவைப்பாள், உதட்டை ஒரு பக்கமாக இழுப்பாள், புருவத்தை அசைக்காமல் மண்டைத் தோலை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துவாள். முதல் நாள் பார்த்தபோது பேய்தான் பிடித்துவிட்டதென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பிறகு அவளே சொன்னாள், முகத்துத் தசைக்கு அது தேகப்பயிற்சியாம். செய்தால் வயது தெரியாதாம்.

எனக்கும் அது தேவைப்பட்டது. ரப்பர் விலை விழுந்து எங்கும் வேலை போன காலத்தில், ரயில்வே பட்டறையில் இருந்த என் வீட்டுக்காரரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். எனக்குச் சம்பளம் வந்ததால் நான் இங்கேயே தங்கினேன். நான்கு வருடம் கழித்து அவர் திரும்பி வருவதாகச் செய்தி வந்தது. கண்ணாடியில் கன்னம் ஒட்டி, நெற்றியில் கோடு விழுந்து யாரோ ஒருத்தி நின்றாள். இவளைப் பார்த்ததும் அவர் மனசு விட்டுப்போகுமோ என்று பயந்தேன்.

துரைசாணியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். கன்னம் வந்துவிட்டது, மண்டைதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. தோலை நகர்த்தப் பார்த்தால் காது ஆடியது. காதை அடக்கினால் மூக்கு விடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா பல்வலியா என்று கேட்டுக் கிராம்பு கொடுத்தாள். இதில் இன்னொரு சட்டம் வேறு. மற்ற நேரமெல்லாம் முகத்தை அசைக்காமல் வைக்க வேண்டுமாம், சிரித்தாலும் அழுதாலும் கோடு விழுமாம். அசைக்கவும் வேண்டும், அசைக்கவும் கூடாது என்றால் நான் என்னதான் செய்வது? கோடு குறைந்ததா கூடியதா என்பதும் தெரியவில்லை. காலையில் ஒன்று தோன்றும், விளக்கு வைத்தால் வேறொன்று தோன்றும்.

கப்பல் வந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைக்கும் முகாம் கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்தருகே இருந்தது. அவரை வெளியே விடும் நாளில் ரயிலேறிப் போய் வாசலில் நின்றேன். மூட்டையோடு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அழுதால் கோடு விழுமே என்று முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார்.

"கிழவனாயிட்டேன்னு பாக்குறியா? நான் வந்தது உனக்குப் பிடிக்கலையா?"

கற்றதெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மூட்டையை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.