சனிக்கிழமைகளில் ஓடாத கார்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் சித்தப்பாவுடையது அல்ல. கம்பெனிகளுக்கு நிலம் விற்றவர்களின் வீடுகளில் அதற்கு முன்பே புதுக் கார்கள் பளபளவென்று நின்றன. ஆனால் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய காரை வாங்கி, அதைத் தினமும் துடைத்து, இஞ்சினைப் பற்றித் தெருவுக்கே பாடம் நடத்தியவர் அவர் ஒருவர்தான். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அவருக்கு வேலை. லைனில் வரும் வண்டிகளுக்குள் சீட்டை வைத்து போல்ட் முறுக்க வேண்டும். இஞ்சின் பக்கம் அவர் போனதே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கார் செய்கிறவருக்குக் காரைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று நான் நம்பிய வயது அது.

வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். கார் வாரம் முழுக்க வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகளைப் பார்க்க அதில் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் கோயிலுக்குப் போவார். அப்படி ஒரு ஞாயிறு காலையில் நான் வெளியே வந்து பார்த்தால் காரின் இடதுபக்கக் கண்ணாடியைக் காணோம். லாரிக்காரன் உரசிவிட்டான் என்றார் சித்தப்பா. எந்த இடத்தில் என்று அம்மா கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டார். சித்தி உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை காருக்கு நோய் வந்தது. சாவியைத் திருகினால் உடனே பிடித்துக்கொள்ளும். உர்ரென்று ஒரு மூச்சு ஓடும். சரி, கிளம்பிவிட்டது என்று நினைக்கும்போது பட்டென்று அணைந்துபோகும். மறுபடி திருகினாலும் அதே கதைதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது. நான் அதைக் காட்டினேன். அது எப்பவும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, சித்தப்பா பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். பேட்டரி முனையைச் சுரண்டினார். ஏதோ ஒரு குழாயைக் கழற்றி ஊதினார். கடைசியில் போனில் கூட்டாளிகளிடம், "வண்டி மக்கர் பண்ணுதுபா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து எங்களோடு தோசை தின்றார்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். சாவியைத் திருகியதுமே இஞ்சின் பூனைக்குட்டி போலச் சீராக ஓடியது. "இதுக்கு இன்னா சார் கொறை? நல்லா தானே கீது!" என்றார். வந்ததற்கு ஒரு ஃபில்டரை மாற்றிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுவே நடந்தது. சனிக்கிழமை நின்றுபோகிற கார் ஞாயிற்றுக்கிழமை மலையேறிச் சாமி பார்க்கத் தயாராக இருக்கும். சித்தப்பாவும் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "வாரம் பூரா சும்மா நிக்குது இல்ல? பெட்ரோல் லைன்ல காத்து புடிச்சிக்கினு கீது. ஒரு நாள் மக்கர் பண்ணி, மறுநாள் செட் ஆயிடுது" என்று விளக்கினார். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. அவருடைய இஞ்சின் பாடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மா சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். சித்தி கீரை ஆய்ந்துகொண்டே, "அப்பிடித்தான் இருக்கும்" என்றாள்.

சித்திக்கு வலி வந்தது ஒரு ஞாயிறு விடியற்காலையில். நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா மறைமலை நகரில் ஷிஃப்டில் இருந்தார். முந்தின நாள் சாயங்காலமும் கார் முரண்டு பிடித்திருந்ததால் சித்தப்பா வீட்டிலேயே படுத்திருந்தார். ஆட்டோக்காரர் ஏதோ சவாரிக்குப் போயிருந்தார். ஒரகடம் ரோட்டை அகலப்படுத்துவதற்காக வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டுதான் வர முடியும் என்றார்கள். அம்மாவும் சித்தப்பாவும் சித்தியைத் தாங்கிப் பிடித்துக் காரில் உட்கார வைத்தார்கள்.

சித்தப்பா சாவியைத் திருகினார். உர்ரென்றது. அணைந்தது. மறுபடியும் திருகினார். அதே உர், அதே மௌனம். இறங்கி ஓடி பானட்டைத் திறந்தார். எந்தக் குழாயைப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "இன்னிக்கு ஒரு நாளாச்சும் ஓடித் தொலையேன்" என்று இஞ்சினைப் பார்த்துக் கத்தினார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

பின்சீட்டிலிருந்து சித்தி கூப்பிட்டாள். "மாமா, அந்தச் சாவில ஓடாது."

"இன்னாது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "மொளகா டப்பாக்குள்ள, அடியில வேற சாவி கீதுடி. ஓடிப் போய் எடுத்தா."

ஓடினேன். காய்ந்த மிளகாய்க்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினேன். சாவி கிடைத்தது. வாசலில் தொங்கும் சாவியைப் போலவே கறுப்புத் தலை. பாவாடையில் துடைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். திருகினார். இஞ்சின் பிடித்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு அது அணையக் காத்திருந்தோம். அணையவில்லை. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா "முருகா" என்றாள். சித்தப்பா பானட்டை அறைந்து மூடினார்.

வழியெல்லாம் என் கை எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் பிடித்துக்கொண்டே வந்தேன். வெட்டிப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சித்தப்பா வண்டியை முட்டைக் கூடையைப் போல இறக்கி ஏற்றினார். ஃபாக்டரி மதில் ஓரமாகப் போகும்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எப்போலேர்ந்து?"

வலி ஒன்று தணிந்த பிறகு சித்தி சொன்னாள். "கண்ணாடி போனதுலேர்ந்து."

கண்ணாடியைப் பற்றிப் பேச இதுவா நேரம் என்று எனக்குத் தோன்றியது.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் சித்தியே எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு அருகே சாவி வெட்டுகிறவரிடம் மாற்றுச் சாவிக்காகப் போயிருக்கிறாள். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டு, கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகும், ஆனால் ஒரிஜினல் சாவிக்குள் சிப் இருக்கிறது, அது இல்லாமல் இஞ்சின் உடனே நின்றுவிடும் என்று எச்சரித்திருக்கிறார். அவர் குறையாகச் சொன்னதுதான் சித்திக்கு வேண்டியிருந்தது. சனிக்கிழமை மதியம் சாவி மாறும். ஞாயிறு காலை பழையபடி மாறும். கண்ணாடி எங்கே உடைந்தது என்றே தெரியாத அளவுக்குக் குடித்துவிட்டு வந்த மனிதரை அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் வண்டியெடுக்க விடவில்லை. இல்லாவிட்டால் அந்த விடியலில் எங்களை ஓட்டிக்கொண்டு போகிற நிலையில் அவர் இருந்திருப்பாரா?

அன்றைக்கு இதெதுவும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்னதும் அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே விட்டபோது சித்தப்பா குழந்தையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தலையணை ஓரத்தில் வைத்தார்.

சித்தி அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "பாப்பாவ வூட்டுக்குக் கூட்டினு போவணும். நீயே வெச்சிக்க மாமா."

வண்டி ஓட்டத் தெரியாத சித்தியிடம் அவர் ஏன் சாவியைக் கொடுத்தார், அவள் ஏன் திருப்பிக் கொடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. இருவருக்கும் வேண்டாமென்றால் நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அம்மாவும் சித்தியும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெண் பிறந்ததில் அவருக்கு வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவர்மேல் கோபமாக இருந்தேன்.