அத்தை கேட்ட ஒரு வரி

அந்தக் கடுதாசி வந்தப்ப நான் மீன் அலசிக்கிட்டு இருந்தேன். தபால்காரர் கையெழுத்து வேணும்னாரு. ரிஜிஸ்டர் தபால்னாலே எனக்கு பயம், போன தடவ வந்தது அப்படி. கையக் கழுவாமலே போய் கையெழுத்துப் போட்டேன். அவரு மூக்கச் சுளிச்சாரு. சுளிச்சா சுளிக்கட்டும், ஒன்றரை வருஷமா காத்துக்கிட்டு இருந்தது நான்தானே.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துல இருபத்திரெண்டு வருஷம் இருந்தவரு. வயர்லெஸ் வேலை. சேரும்போது ஒரு நோய் நொடி கெடையாது, அவங்களே தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்துத்தான் எடுத்தாங்க. பனிமலைக்கு ரெண்டாவது தடவ அனுப்புனப்பதான் சர்க்கரை வந்துது. ராத்தூக்கம் கெடையாது, நேரத்துக்குச் சோறு கெடையாது, மாசக்கணக்கா டப்பா சாப்பாடு. மொதல்ல மாத்திரை, அப்புறம் ஊசி. கடைசியில உடம்பு சரியில்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வேலையால உடம்பு கெட்டவங்களுக்குன்னு தனியா ஒரு பென்ஷன் உண்டு. அதுக்கு எழுதிப் போட்டோம். முடியாதுன்னு திருப்பிட்டாங்க. காரணம் ஒரே வரி. தாயாருக்கு நீரிழிவு உண்டு, ஆகவே பரம்பரை நோய், ராணுவப் பணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பென்ஷன் போனது எனக்கு வலிச்சுது. அவருக்கு வலிச்சது வேற. "நான் என்னமோ வீட்டுலேருந்து நோயக் கட்டி எடுத்துக்கிட்டுப் போன மாதிரி எழுதிட்டான் பாரு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அதையும் சொல்றத நிறுத்திட்டாரு. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

ஒரு நாள் காலையில அந்தக் கடுதாசிய நான் தமிழ்ல சொல்லிக்கிட்டு இருந்தேன், அவருக்கு இல்ல, என் மாமியாருக்கு. அத்தைக்கு அப்ப எழுபத்தாறு வயசு. கருவடிக்குப்பத்துல எங்க கூடத்தான் இருக்காங்க. இருபது வருஷமா சர்க்கரை, ஒரு கால்விரலையே எடுத்தாச்சு. வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தவங்க, தாயாருக்கு நீரிழிவுன்னு நான் சொன்னதும் கத்திய வச்சிட்டாங்க.

"தாயாருன்னா யாரு, நானா?"

"பின்ன யாரு அத்த?"

"நான் எங்க பெத்தேன் அவன?"

எனக்கு சுருக்குன்னுச்சு. அட, ஆமா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எனக்குத் தெரிஞ்ச சேதிதான். அத்தைக்குக் கொழந்த இல்ல. மாமாவோட தம்பி பொண்டாட்டிக்கு நாலாவதா பொறந்தவரு இவரு. பதினோரு மாசத்துல தூக்கியாந்து அத்தை மடியில போட்டுட்டாங்க. போட்டதோட சரி, பத்திரம் கித்திரம் ஒண்ணும் கெடையாது. எங்க பக்கத்துல யாரு அதுக்கெல்லாம் எழுதி வச்சாங்க? பள்ளிக்கூடத்துல அம்மா பேருன்னு அத்தை பேரைக் குடுத்தாங்க, பட்டாளத்துலயும் அதுவே போச்சு. பெத்தவங்கள இவரு சித்தின்னுதான் கூப்புடுவாரு. அவங்க செத்துப் பல வருஷமாச்சு, சர்க்கரை கிர்க்கரைன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல. அத்தை சொந்தத்துல இல்ல, அசல்லேருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. இவருக்கும் அத்தைக்கும் ரத்த சம்பந்தமே கெடையாது.

அப்ப பட்டாளத்துல இவரப் பரிசோதிச்ச டாக்டர்கிட்ட இவரு இன்னா சொன்னாரு? கேட்டேன். "அம்மாவுக்கு சர்க்கரை இருக்கான்னு கேட்டாரு, இருக்குன்னேன். வேற இன்னா சொல்றது?"ன்னாரு. தலையில அடிச்சிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா அவரச் சொல்லி என்ன பண்றது, நானே அந்தக் கடுதாசிய பத்துத் தடவ படிச்சிட்டு சும்மா இருந்தவதானே.

மூலக்குளத்துல ஒரு சார் இருக்காரு, பட்டாளத்துல கிளார்க்கா இருந்து வந்தவரு, மாஜி ராணுவத்தாருக்கெல்லாம் மனு எழுதித் தருவாரு. அவருகிட்ட ஓடினேன். அவரு பேப்பரப் பாத்துட்டு, மேல்முறையீடு போடலாம், நல்லா நிக்கும்னாரு. நகராட்சியில பழைய பிறப்புப் பதிவு எடுக்கணும், அதுல பெத்தவங்க பேரு இருக்கும். அதோட, வளத்தவங்க, நான் பெத்த தாய் இல்லன்னு ஒரு பிரமாணப் பத்திரம் தரணும். அவ்வளவுதான்னாரு. பதிவு ஒரே வாரத்துல கெடச்சிடுச்சு. அந்தக் காலத்துலேருந்தே பொறப்ப எல்லாம் ஒழுங்கா எழுதி வச்ச ஊரு இது, பழைய பதிவேட்டுல பேரு காணாமப் போறது கொஞ்சம் கஷ்டம்.

அவ்வளவுதான்னு நெனச்சேன். இந்த மனுஷன் ஒத்துக்கல.

"எங்கம்மா எனக்கு அம்மா இல்லன்னு எழுதி, அத வச்சி நான் பென்ஷன் வாங்கணுமா? எனக்கு வாணாம் போ."

கத்துனேன், கெஞ்சுனேன், ரெண்டு நாள் சோறு ஆக்காமகூட இருந்து பாத்தேன். அவரு கடைக்குப் போய் இட்லி வாங்கியாந்து அத்தைக்குக் குடுத்துட்டு, எனக்கும் ரெண்டு வச்சிட்டுப் போனாரு. இப்படிப்பட்ட ஆளுகிட்ட எப்படிச் சண்ட போடுறது, சொல்லுங்க. மனு போட கெடு நெருங்கிக்கிட்டே இருந்துச்சு. மூணு வாரம் வீட்டுல பேச்சே இல்ல. அப்பவும் காலையில சர்க்கரை பாக்குற மிஷின எடுத்துக்கிட்டு வந்து மொதல்ல அத்தை விரல்ல குத்துவாரு, அப்புறம் தன் விரல்ல. அத்தை வேற யாருக்கும் விரல நீட்ட மாட்டாங்க, நான் குத்துனா வலிக்குமாம்.

அவரு மருந்து வாங்கப் போயிருந்த ஒரு நாள் அத்தை நல்ல சேல கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. "ஆட்டோவக் கூப்புடு. அவன் கெடக்கான். கையெழுத்துப் போட வேண்டியவ நான்."

மூலக்குளத்துக்குப் போனோம். சார் எழுதி வச்சிருந்தத படிச்சுக் காட்டுனாரு. நான் இன்னாரைப் பெற்றெடுக்கவில்லை, எனக்கும் அவருக்கும் ரத்த உறவு இல்லை. அத்தை முழுக்கக் கேட்டுட்டு, "கீழ இன்னொரு வரி எழுதுங்க"ன்னாங்க. "பெத்தது அவ. பதினோரு மாசத்துலேருந்து இவன் எம்புள்ள."

இந்த மாதிரிப் பேப்பர்ல அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மான்னு சார் சொல்லிப் பாத்தாரு. அத்தை பேனாவ மூடி மேசையில வச்சிட்டாங்க. "அப்ப கையெழுத்து இல்ல"ன்னாங்க. எனக்கு பயம், கேஸ் கெட்டுடுமோன்னு. சார் கடைசியில அந்த வரியையும் சேத்து டைப் அடிச்சுத் தந்தாரு. நெல்லித்தோப்புல ஒரு நோட்டரி வக்கீல் முன்னாடி அத்தை நிதானமா, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாங்க.

சாயங்காலம் அவருகிட்ட பேப்பர நீட்டுனேன். அந்தக் கடைசி வரிய ரெண்டு தடவ படிச்சாரு. மனுவுல கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து போய் கொழாயில மொகம் கழுவிக்கிட்டாரு.

கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடியும் மெடிக்கல் போர்டுக்குச் சென்னைக்குக் கூப்புட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். வந்தவருகிட்ட, அம்மாவப் பத்திக் கேட்டாங்களான்னு கேட்டேன்.

"கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பெத்தவங்களுக்கு இல்ல, அம்மாவுக்கு இருக்குன்னு சொன்னேன்."

போச்சுடா சாமின்னு நெனச்சேன். திரும்பி வரும்போது பஸ்ல திண்டிவனம் வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே வந்தேன். அதுக்கு அப்புறம் தொண்ட கட்டிடுச்சு.

ஆக, இப்ப மீன் நாத்தம் பிடிச்ச கையோட கடுதாசியப் பிரிச்சேன். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. கடும் பணிச்சூழலால் ஏற்பட்ட பாதிப்பு. ஓய்வூதியம் அனுமதிக்கப்படுகிறது. வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்படியே தரையில உக்காந்து அழுதேன், வெக்கமெல்லாம் படல. அவரு வந்து வாங்கிப் படிச்சாரு. பணிச்சூழலால்ங்கிற எடத்துல விரல வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. ரெண்டு வருஷமா கூனியிருந்த தோள் கொஞ்சம் நிமுந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சுது.

அத்தை கட்டில்லேருந்து கேட்டாங்க. "குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கம்மா"ன்னாரு அவரு.

"நான் எழுதச் சொன்ன வரிய அவங்களும் போட்டிருக்காங்களா?"

நான் அந்தக் கடுதாசிய முழுசாப் படிச்சவ. ரெண்டாம் பக்கத்துல அத்தையப் பத்தி ஒரே ஒரு எடத்துலதான் இருந்துச்சு. அந்தப் பெண்மணிக்கும் மனுதாரருக்கும் எந்த ரத்த உறவும் இல்லை என்பது நிரூபணமாகிறது. அவ்வளவுதான்.

அவரு கடுதாசிய மடிச்சாரு. கட்டில்ல அத்தை பக்கத்துல போய் உக்காந்தாரு.

"போட்டிருக்காங்கம்மா. நீ சொன்ன மாதிரியே, பதினோரு மாசத்துலேருந்துன்னு."

"எங்க, அந்த எடத்தக் காட்டு."

அவரு மடிச்சதப் பிரிச்சு, பணிச்சூழலால்னு இருந்த வரியில அத்தையோட விரல எடுத்து வச்சாரு. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. வச்ச விரல எடுக்காம, தலைய ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. ஊர்ல எந்தத் தப்பு நடந்தாலும் வாயடக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கினவ நான். அன்னிக்குப் பேசாம எழுந்து போய் மிச்ச மீன அலசினேன்.